இனவெறியைப் பற்றிப் படிக்கக் காரைக்குடி ஆய்வகங்களுக்கு எந்தக் குழு பொருந்தும்?

1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. பின்னர் பல்கலைக்கழகமும் வந்தது. பல மாநிலத்து ஆய்வு மாணவர்கள், நிரந்தர வேலையில் இருக்கும் விஞ்ஞானிகள், ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பை எதிர்பார்த்திருக்கும் திட்ட உதவியாளர்கள் என்று அறிவியலைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர். இவர்கள் கூடி இனவெறியைப் பற்றிப் படிக்க நினைத்தால் மூன்று வழிகள் உண்டு: ஒருநாள் பயிலரங்கு, வாசிப்பு வட்டம், படித்ததை வைத்துத் தங்கள் நிறுவனத்துக்கே விதிகளை எழுதும் குழு. என் ஆதரவு மூன்றாவதற்கு.

பயிலரங்குக்கு அனுமதி எளிதில் கிடைக்கும். தேதியும் செலவும் தெளிவாக இருக்கும், சான்றிதழும் உண்டு. ஆனால் 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய இந்த ஊரில் நல்ல பேச்சைக் கேட்டு ரசிக்கும் பழக்கம் ஆழமானது. அருமையான பழக்கம்தான், ஆனாலும் இந்த வேலைக்கு அது போதாது. ஆய்வு நெறியாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பின்வரிசை மாணவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்ல மாட்டார். பேச்சாளர் ஊர் திரும்பிய மறுநாள் ஆய்வகத்தில் எவரும் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

வாசிப்பு வட்டம் இதைவிடப் பல மடங்கு மேல். அறிவியலாளரை நெகிழ வைப்பதைவிட அவருக்குத் தெரிந்த கேள்வியைக் கையில் கொடுப்பது நல்லது. அப்படி ஒரு மாலையில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் மேசையைச் சுற்றி வந்தது. அது 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளியையும் 940 அளவில் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி இரத்தத்தின் ஆக்ஸிஜனைக் கணிக்கிறது. எல்லோருக்கும் 97, 98 என்று காட்டியது. பிறகு 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் படித்தோம். கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய அளவீடுகளைத் தமனி இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டிருந்தார்கள். உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தவை வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. சிறிது நேர அமைதிக்குப் பின் ஒரு மின்வேதியியல் மாணவி கேட்டார்: “அளவுத்திருத்தம் யாரை வைத்துச் செய்தார்கள்?” கருவி சரியாகக் காட்டுகிறதா என்று யார் உடலில் சோதித்துச் சரிசெய்தார்கள் என்பது, மின்முனைகளோடு நாள் முழுக்க மல்லாடுபவருக்கு இயல்பாக வரும் கேள்வி. இனவெறி என்பது கெட்ட மனிதர்களின் குணம் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களும் அதன் பிறகு வேறு மாதிரிப் பேசினார்கள்.

அடுத்து எட்கர் தர்ஸ்டனைப் படிக்கலாம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்கும் இடமுண்டு. மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதிப் படி இறங்கும் என்று அதே காலத்தில் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி எழுதினார். எண்ணும் அட்டவணையும் இருந்ததால் அது அறிவியலாகச் செல்லுபடியானது. 1948இல் அம்பேத்கர் அதே மூக்களவுகளை எடுத்து, தீண்டத்தகாதோர் வேறு இனம் என்ற வாதத்தையே உடைத்தார். இனவெறி வெளிநாட்டுச் சங்கதி, நமக்கு எதற்கு என்பவர்களிடம் இந்தப் பக்கங்களை நீட்டினால் போதும்.

செட்டிநாட்டுக்கென்று இன்னொரு பாடமும் இருக்கிறது. பர்மாவுக்குக் ‘கொண்டு விற்க’, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன செட்டியார்களின் கைக்கு 1930களின் மந்தத்தில், கடனுக்கு ஈடாக, கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு வந்து சேர்ந்தது. அதே பத்தாண்டில் இந்தியருக்கு எதிரான கலவரங்களும் வெடித்தன. 1942இல் லட்சக்கணக்கானோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். வெறுப்பையும் அதன் பொருளாதார வேரையும் சேர்த்துப் படிக்க இதைவிட அருகில் ஒரு வரலாறு கிடைக்காது.

ஆனாலும் வட்டம் ஒரு கட்டத்தில் தேங்கிவிடுகிறது. 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில் ஆய்வு என்ற பெயரில் சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமலே வேடிக்கை பார்த்ததைப் படித்து எல்லோரும் கொதிக்கிறோம். விடுதியில் வடகிழக்கு மாணவரின் முகத்தைக் குறித்துச் சொல்லப்படும் கிண்டலையும், ஆய்வக உதவியாளரின் பெயர் கட்டுரையில் விடுபடுவதையும் பேச நேரம் வருவதேயில்லை.

மூன்றாவது வழி இங்கேதான் உதவுகிறது. 2021 ஜனவரியில் அமெரிக்கப் புவி அறிவியலாளர்கள், தங்கள் துறையின் இனவெறியைக் களைய, ‘அர்ஜ்’ (URGE) என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் சிறு குழு. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைப்பு. படித்து முடித்ததும் அந்தத் தலைப்பில் தங்கள் இடத்துக்கான ஆவணம் ஒன்றை எழுத வேண்டும். புகார் முறை, மாணவர் சேர்க்கை, களப்பணிப் பாதுகாப்பு என்று வரிசையாகப் போனது. கையில் வேலை இருப்பதால் குழு கலையாது.

இதில் ஆபத்தும் அதிகம் என்பதை மறைக்கக் கூடாது. நீட்டிப்புக்குக் காத்திருப்பவர் வாய் திறந்தால் அவர் பிழைப்பில் மண் விழலாம். அதனால் கூட்டக் குறிப்பில் பேசியவர் பெயர் இருக்கக் கூடாது. ஆவணத்தில் நிரந்தரப் பணியாளர்கள் மட்டுமே கையெழுத்திட வேண்டும். வாசிப்பை வளாகத்துக்கு வெளியே, செக்காலைப் பக்கம் ஒரு வீட்டு முகப்பில் வைத்துக்கொள்ளலாம். பதவி வரிசை அங்கே கொஞ்சம் தளரும். ஆவணம் எழுதுவதோ வளாகத்துக்குள், அலுவலக நேரத்தில்தான் நடக்க வேண்டும். அதுவும் வேலை என்று கணக்கில் ஏறட்டும். வாசிப்புத் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால்தான் தொழில்நுட்பப் பணியாளரும் வெளிமாநில மாணவரும் ஒரே மேசையில் உட்கார முடியும்.

முதல் கூட்டத்துக்கு ஆக்ஸிமீட்டர், இரண்டாவதற்குத் தர்ஸ்டன். மூன்றாவது கூட்டத்தில், பாகுபாடு குறித்துப் புகார் கொடுக்க நிறுவனம் வைத்திருக்கும் நடைமுறையை அச்செடுத்துச் சத்தமாகப் படியுங்கள். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாவிட்டால், குழு எழுத வேண்டிய முதல் ஆவணம் அதுதான்.