சுங்கை சிப்புட்ல காது டெஸ்ட் பண்ற கடை: அந்த கேள்வித்தாளுக்கே 4 ஸ்டார் குடுப்பேன்

அப்பாவுக்கு காது மந்தம்னு நாங்க சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு. அவரு ஒத்துக்கவே மாட்டாரு, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்கன்னு பழி நம்ம மேலயே. மின்னல் எஃப்எம் வச்சா பக்கத்து லயம் வரைக்கும் கேக்கும். கடைசில டவுன்ல கடை வரிசைல புதுசா தொறந்த ஒரு இடத்துக்கு இழுத்துட்டு போனேன். கடை பேரு போடல லா, கொறையும் சொல்ல போறேன், சின்ன ஊரு, நாளைக்கு பசார்ல மூஞ்ச பாக்கணும்.

டெஸ்ட் ஓக்கே. சின்ன ரூம், ஹெட்போன், சத்தம் கேட்டா பட்டன் அமுக்கணும், 80 வெள்ளி. நான் எழுத வந்தது அதுக்கு முன்னாடி குடுத்த பாரத்த பத்தி. தமிழ்ல இருந்துச்சு, அதுக்கே சந்தோசப்பட்டேன், படிச்ச உடனே சந்தோசம் போச்சு. மொத கேள்வியே "செவியில் மணியோசை உணர்கிறீர்களா?" அப்பா என்னைய பாத்து, எந்த கோயில்லன்னு கேக்கறாரு. பத்து வருசமா காதுக்குள்ள வண்டு கத்துது, ஙொய்ங்னு இருக்குன்னு பொலம்பற மனுசன், இதுக்கு "இல்லை"ன்னு டிக் போட்டுட்டாரு. அடுத்தது "85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் பணிபுரிந்ததுண்டா?" எண்ணெய் ஆலைல பாய்லர் பக்கத்துலயே காலத்த ஓட்டுனவரு, டெசிபல், அதான் சத்தத்தோட அளவு, அத எங்க போயி அளக்கறது. அந்த 85 கூட மலேசியாவுல 2019 சட்டத்துலதான் உச்ச வரம்பா வந்துச்சு, அவரு வேலை செஞ்ச காலத்துல 1989 சட்டப்படி 90 வரைக்கும் விட்டு வச்சிருந்தாங்க.

நான் கடுப்புல கவுன்டர்ல இருந்த பொண்ணுகிட்ட சொன்னேன், அவங்கதான் டெஸ்ட் பண்றவங்களாம். கோவிச்சுக்குவாங்கன்னு பாத்தா பேனாவ எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. மலாய் பாரத்த கம்ப்யூட்டர்ல போட்டு தமிழாக்குனது, இன்னும் சோதனைலதான் இருக்கு, தப்பெல்லாம் சொல்லுங்கன்னாங்க. அங்கிள், இந்த கேள்வி என்னா கேக்குதுன்னு உங்க வார்த்தைல சொல்லுங்கன்னு ஒவ்வொன்னா அப்பாகிட்ட கேட்டாங்க. பதில் இல்ல, கேள்வி எப்படி புரியுதுன்னு! இது எனக்கு புதுசு.

மூனு வாரம் கழிச்சு காது கேக்கற மிசின் மாட்டி பாக்க போனப்ப புது காப்பி ரெடி. "காதுல ஙொய்ங்னோ, வண்டு கத்தற மாதிரியோ, இரைச்சலோ கேக்குதா?" டெசிபல் போயிருச்சு, "வேலை எடத்துல ஒரு கை தூரத்துல நிக்கறவங்ககிட்ட கத்திதான் பேசணுமா?" அப்பா டப்புனு ஆமான்னாரு. இன்னொன்னு, "மயக்கம் வருமா"ன்னு இருந்தத வேற ஒரு ஆள்கிட்ட குடுத்து திரும்ப மலாய்க்கு மாத்த சொன்னாங்களாம், அது "பெங்சான்"னு, அதாவது நெனவு தப்பறதுன்னு திரும்பி வந்துச்சாம். கேக்க நெனச்சது "பெனிங்", தல சுத்தல். நம்மாளுக்கு தல சுத்தனாலும் மயக்கந்தான், விழுந்து கெடந்தாலும் மயக்கந்தான். இப்ப "சுத்தி இருக்கறது சுத்தற மாதிரி இருக்கா", "நெனவு தப்பி விழுந்தீங்களா"ன்னு ரெண்டா பிரிச்சுட்டாங்க. எண்ணெய் காய்ச்சி ஊத்துவீங்களா, கோழி எறகு, சாவி வச்சு கொடைவீங்களான்னும் சேத்திருக்காங்க. செவிப்பறைல ஓட்ட இருக்கறவங்களுக்கு எண்ணெய் ஆகாதாம், ஆனா நேரா கேட்டாதான் நம்ம ஆளுங்க வாய தொறப்பாங்க.

கடைசில, காதால அன்றாடம் என்னா கஷ்டம்னு கேக்கற பத்து கேள்வி தனி. அது 1980கள்ல அமெரிக்கால வயசானவங்களுக்குன்னு செஞ்சது, ஆமான்னா 4, சில நேரம்னா 2, இல்லன்னா 0, மொத்தம் 40. அதுல ரெஸ்டாரன்ட்ல பேச்சு கேக்க கஷ்டமான்னு ஒன்னு. அப்பா எங்க ரெஸ்டாரன்ட் போறாரு, கல்யாண பந்தின்னு மாத்த சொன்னேன். அந்த பொண்ணு யோசிச்சாங்க, கேள்விய மாத்துனா பழைய மார்க்கோட அப்படியே ஒப்பிட முடியாது, நிறைய பேருகிட்ட திரும்ப சரி பாக்கணும்னாங்க. ஞாயந்தான்.

மொத தடவ நான் பக்கத்துல இருந்தப்ப அப்பா மார்க் 6. ரெண்டாவது தடவ, எனக்கு ஒரு கோப்பி வாங்கிட்டு வாங்க அண்ணேன்னு என்னைய வெளிய அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தா 22. 10க்கு மேல போனாலே சரியா பாக்கணுமாம். காதால வீட்ல சண்ட வருதாங்கறதுக்கு என் முன்னாடி "இல்லை", நான் இல்லாதப்ப "ஆமா". கோப்பி ஆறி போச்சு, எனக்கு குடிக்கவே தோணல.

சரி, கொற. எழுத்து பொடிசு, கண்ணாடி மறந்த அப்பாவுக்கு முக்காவாசி நாந்தான் படிச்சு காட்டுனேன், அப்புறம் எப்படி தனியா உண்மைய சொல்லுவாரு? ரெண்டாவது பெரிய தப்பு, "திடீர்னு ஒரே காது கேக்காம போச்சா"ங்கற கேள்வி ரெண்டாம் பக்கத்து அடில இருக்கு. அப்படி ஆனவங்க அன்னைக்கே டாக்டர பாக்கணும், அது மொத வரில வரணும். சொல்லியிருக்கேன், எழுதிக்கிட்டாங்க. எந்த காதுன்னு கேக்கற எடத்துல தல படம் போட்டுருக்கலாம், அப்பா வலது எடது மாத்தி டிக் பண்ணிட்டாரு.

அப்பாயின்மென்ட் இருந்தும் ஒரு மணி நேரம் உக்கார வச்சாங்க, ஸ்டார் அதுக்குத்தான் ஒன்னு கொறச்சேன். பெருசுங்கள கூட்டிட்டு போறவங்க கண்ணாடிய மறக்காதீங்க, பாரம் குடுத்ததும் நீங்க வெளிய போயி ஒரு தே தாரிக் குடிச்சுட்டு வாங்க.