துபாய்க்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் கவனத்துக்கு: வீடு என்று சொல்லி 6,500 திர்ஹம் பறித்துவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று எனக்கே தோன்றிவிடும். அதற்குள் என்னை ஏமாற்றியவன் அடுத்த ஆளிடம் பணம் எண்ணி வாங்கிக்கொண்டிருப்பான். 6,500 திர்ஹம். நம் ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். சான்றிதழுக்கு அரசு முத்திரை வாங்கும் அட்டெஸ்டேஷனில் ஆரம்பித்து முதல் சம்பளம் வரை, துபாய்க்கு வரும் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் எழுதித் தருவதாகப் பலரிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்கு வீட்டு விஷயத்தைத் தாண்ட முடியும் என்று தோன்றவில்லை.

இங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். கணக்கு ஆசிரியையாகச் சேர மார்ச் கடைசியில் வந்து இறங்கினேன். வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசினாலும் கணக்கு என்றால் உட்கார்ந்து போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அரை நாள் பள்ளி, சனி ஞாயிறு விடுமுறை. சிக்கல் எல்லாம் பள்ளி வாசலைத் தாண்டிய பிறகுதான். முதல் மாதம் மட்டும் பள்ளியே மற்ற ஆசிரியைகளோடு ஒரு ஃப்ளாட்டில் தங்க வைத்தது. அதன்பிறகு சம்பளத்தோடு வீட்டுப்படி தருவார்கள், வீட்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருபவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். துபாயில் வீட்டு வாடகை பெரும்பாலும் வருடக் கணக்கு. வரப்போகும் தேதிகளைப் போட்ட காசோலைகளை மொத்தமாக எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும், வங்கிக் கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி என்ற இந்நாட்டு அடையாள அட்டை வேண்டும், ஐடி வருவதற்கு மெடிக்கல், கைரேகை, விசா என்று எல்லாம் முடிய வேண்டும். அதுவரை ஒழுங்கான வீட்டுக்காரர் யாரும் நம்மை உள்ளே விடமாட்டார். மாத வாடகை, ரொக்கம் என்று சொல்லும் ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு, கணவரையும் மகளையும் அழைத்துவர வேண்டுமானால் இஜாரி என்ற துபாய் அரசின் வாடகைப் பதிவு முறையில் பதிவான ஒப்பந்தம் கேட்பார்கள். மகளுக்கு எங்கள் பள்ளியிலேயே இடம் தயாராக இருந்தது. அவசரம் எனக்குத்தான்.

விளம்பரத்தைப் பார்த்தது எல்லோரும் பயன்படுத்தும் ஒரு இணைய விளம்பரத் தளத்தில். அதன் பெயரையோ அந்த ஆளின் பெயரையோ படத்தையோ போடமாட்டேன். இந்த நாட்டில் இணையத்தில் ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டினால் வழக்கு நம் மேலேயே திரும்பும். 2021ஆம் ஆண்டு வந்த சைபர் குற்றச் சட்டம் அவ்வளவு கடுமை. ஏமாந்தவள் வாயைக் கட்டிக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

துபாய் அல் நஹ்தா பகுதியில் சாமான்களோடு கூடிய ஸ்டூடியோ, அதாவது ஓர் அறை வீடு, மாதம் 3,500. அந்தப் பகுதியில் மற்றவர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ரொம்பக் குறைத்தால் சந்தேகம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்த விலை அது என்று இப்போது புரிகிறது. பச்சை வழித்தட மெட்ரோ பக்கத்திலேயே, பள்ளி வண்டியும் அந்த வழியாகத்தான் வருகிறது. போன் செய்தேன். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும், "அக்கா, தமிழா? தமிழ்லயே பேசுங்கக்கா" என்றான்.

நேரில் வந்தவன் முப்பது வயதுக்குள் இருப்பான். சட்டையை இன் செய்து, கழுத்தில் ஏதோ ஒரு அடையாள அட்டையைத் தொங்கவிட்டிருந்தான். நான் டீச்சர் என்று தெரிந்ததும் குரலே மாறிவிட்டது. அவன் அம்மாவும் ஊரில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு டீச்சர் சொல்லித்தான் அவனைப் படிக்க வைத்தார்களாம். "உங்ககிட்ட கமிஷன் வாங்கினா எனக்கு ஒட்டாதுக்கா" என்றான். வந்து சில வாரங்களாக ஊர்ப் பேச்சே கேட்காமல் இருந்தவளிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? லிஃப்டில் ஏறும்போதே அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

வீடு நிஜமாகவே நன்றாக இருந்தது. கதவில் சாவி கிடையாது, எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு. உள்ளே வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், அளவாக இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், குளியலறையில் சின்னச் சின்ன சோப்புகள். கதவுக்குப் பின்னால் வைஃபை கடவுச்சொல்லும் "காலை 11 மணிக்குள் காலி செய்யவும்" என்ற வரியும் அச்சடித்த அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். "முன்னாடி டூரிஸ்டுக்கு விட்டுட்டு இருந்தாங்கக்கா, ஓனருக்கு அதுல நஷ்டம், இனிமே ஃபேமிலிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே அந்த அட்டையைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பதிலைக் கையில் தயாராக வைத்திருந்தான்.

வாடகை 3,500, டெபாசிட் 2,500, இஜாரிப் பதிவுக்கு என்று 500. ஆக 6,500. ஊரிலிருந்து கொண்டுவந்ததும் பள்ளியில் முன்பணமாக வாங்கியதும் சேர்த்து ரொக்கமாகக் கொடுத்தேன். முத்திரை குத்திய ரசீது கொடுத்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினான், பாஸ்போர்ட் நகலும் வாங்கினான். கதவு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "வீட்டுக்கு வந்தா டீ போட்டுத் தரணும்கா" என்று ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டான்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பெட்டிகளோடு போனேன். எண் வேலை செய்யவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தபோது கதவு உள்ளேயிருந்து திறந்தது. ஈரத் தலையோடு ஒரு வெளிநாட்டுக்காரர். ஞாயிறு வரைக்கும் முன்பதிவு செய்து வந்திருக்கிறோம் என்றார், பாவம், அவர்தான் பயந்துபோயிருந்தார். கீழே வாட்ச்மேனிடம் போனால், அது நாள் வாடகைக்கு விடும் வீடு, ஒரு கம்பெனி நடத்துகிறது, ஆட்கள் வருவார்கள் போவார்கள் என்றார். அவன் செய்தது இவ்வளவுதான்: சுற்றுலாப் பயணி மாதிரி இரண்டு மூன்று நாளுக்கு அந்த வீட்டை எடுத்து, அந்த நாட்களுக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறான். என் பெட்டிகளைப் பார்த்ததுமே வாட்ச்மேன், "நீங்களும் 6,500ஆ?" என்று கேட்டார். அப்படியானால் எனக்கு முன்னாலும் யாரோ அந்த லிஃப்டில் பெட்டியோடு ஏறியிருக்கிறார்கள்!

அப்புறம் ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு. அவன் முதலில் போனை எடுத்தான். "சிஸ்டம் பிரச்சனைக்கா, சாயங்காலம் புது நம்பர் வரும்." சாயங்காலம் கேட்டால் ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார். மறுநாள், பாஸ் ஷார்ஜாவில் இருக்கிறார், திங்கள்கிழமை அலுவலகத்துக்கு வந்து பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை அக்கா போய் "மேடம்" வந்துவிட்டது: "மேடம், டெபாசிட் நான்ரீஃபண்டபிள், அக்ரிமெண்டைப் படிங்க." அதற்குப் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டான். தோழியின் போனிலிருந்து அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். ரசீதில் இருந்த அலுவலக முகவரிக்கும் போனேன். அந்த எண்ணில் சலவைக் கடை. கடைக்காரர் சலிப்போடு கையை விரித்தார்.

விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். "நாங்கள் விளம்பரம் வெளியிடும் இடம் மட்டுமே, பரிவர்த்தனைக்குப் பொறுப்பல்ல, உங்கள் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை" என்று பதில். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத எப்படி மனம் வந்தது? நாள் வாடகைக் கம்பெனியோ, எங்களிடம் முன்பதிவு செய்தவரின் விவரம் தரமுடியாது, போலீஸ் கேட்டால் தருவோம் என்றது. பள்ளி நிர்வாகப் பிரிவில், தங்குமிடம் உங்கள் சொந்த விஷயம் என்று சொல்லி, முன்பணத்தை எத்தனை தவணையில் பிடிக்கலாம் என்று கேட்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த நேரத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டாம். என்னோடு அறையில் இருந்த பயாலஜி டீச்சர்தான் இன்னும் சில நாள் இங்கேயே இருங்கள் என்று மெத்தையில் பாதி இடம் கொடுத்தார்.

துபாய் காவல்துறையின் இணையக் குற்றப் புகார்ப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. 6,500 திரும்பி வருமா என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள்.

இனி எச்சரிக்கை, கைக்கு வந்த வரிசையில். இஜாரி என்று சொல்லிக் காசு கேட்டால், ஒப்பந்தம் பதிவாகி அதன் எண் உங்கள் கையில் வரும் வரை டெபாசிட் கொடுக்காதீர்கள். தரகராக இருந்தால் வீடு, மனைத் தொழிலைக் கண்காணிக்கும் துபாய் அரசு அமைப்பான ரெராவில் பதிவு எண் இருக்க வேண்டும். நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும், கழுத்து அட்டையை நம்ப வேண்டாம். தரகர்கள் போடும் வீட்டு விளம்பரத்துக்கும் அனுமதி எண் உண்டு, விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவரே மறுவாடகைக்கு விடுகிறார் என்றால் வீட்டுக்காரரின் எழுத்துமூல சம்மதத்தைக் கேளுங்கள். 2007ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அது இல்லாமல் விடக்கூடாது. அல் நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒன்று, எல்லையைத் தாண்டி ஷார்ஜாவிலும் ஒன்று இருக்கிறது. ஷார்ஜா பக்கம் இஜாரி கிடையாது, அங்கே நகராட்சியில் பதிய வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்கு ஒருவன் இஜாரி போட்டுத் தருகிறேன் என்றால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். கீழே இறங்கி வாட்ச்மேனிடம், முடிந்தால் வீடு காட்டுபவன் இல்லாத நேரத்தில், இரண்டு வார்த்தை கேளுங்கள். இன்னொன்று, பள்ளியில் சேரும் முன்பே இரண்டாவது மாதமும் தங்க இடம் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டெஸ்டேஷன் பற்றி அப்புறம் எழுதுகிறேன், நாளைக்கு முதல் பீரியடே ஒன்பதாம் வகுப்பு. அல் நஹ்தாவில் எண் பூட்டு போட்ட ஸ்டூடியோவைக் காட்டித் தமிழில் "அக்கா, அண்ணா" என்று பேசி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரிலும் அதைக் குறிப்பிடுங்கள். ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். அவன் புது எண்ணில் அதே விளம்பரத்தை இன்று மதியம் மறுபடி போட்டிருக்கிறான், இந்த முறை வாடகை 3,300.