லெகோ ராட்டினத்துக்கு மோட்டார் நடுவிலா, விளிம்பிலா?

லெகோ கட்டைகளில் ராட்டினம் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கூண்டையும் கலரையும்தான் யோசிப்பார்கள், மோட்டாரைக் கடைசியில் எங்காவது செருகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். முதலில் முடிவுசெய்ய வேண்டியதே அதுதான். தாங்கும் கால்களின் அகலம், சக்கரத்தின் விளிம்பு எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும். இந்தக் கோடை விடுமுறையில் பாளையங்கோட்டை வீட்டில் நானும் அக்கா மகனும் 40 செ.மீ. விட்டத்தில் 8 கூண்டு வைத்து, ஒரே சக்கரத்தை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் கணக்கு. லெகோவின் 'M' என்ற நடுத்தர மோட்டார் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று சுற்றும். ராட்டினம் 4 சுற்றுக்கு மேல் போனால் மின்விசிறி மாதிரி ஆகிவிடும், ஆக வேகத்தை 100 மடங்கு குறைக்க வேண்டும். (ஆறு சாதா பேட்டரி போட்டால் 9 வோல்ட், சார்ஜ் செய்யும் பேட்டரி என்றால் 7.2 வோல்ட்தான். ராட்டினத்துக்கு அந்த மெதுவான ஓட்டமே அழகு.)

நடு அச்சில் கொடுப்பது: மோட்டாரில் வார்ம் கியர் (திருகு மாதிரி இருக்கும், ஒரு சுற்றுக்கு ஒரு பல்லைத்தான் நகர்த்தும்), அதில் 24 பல் கியர், அப்புறம் 8 பல்லிலிருந்து 40 பல். 24 பெருக்கல் 5, மொத்தம் 120 மடங்கு. எல்லாம் கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டிக்குள் முடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வார்ம் கியருக்கு இன்னொரு பெரிய குணம் உண்டு. மோட்டார் கியரைச் சுற்றும், கியரால் மோட்டாரைத் திருப்பிச் சுற்ற முடியாது. அதனால் ஒரு பக்கம் மட்டும் பொம்மைகளை ஏற்றினாலும் சக்கரம் நிறுத்திய இடத்திலேயே நிற்கும், ஒவ்வொரு கூண்டாகக் கீழே நிறுத்தி ஆள் ஏற்றலாம். இது உண்மையிலேயே அருமையான வசதி.

ஆனால் மொத்த பாரமும் 5 மி.மீ.கூட இல்லாத ஒரே பிளாஸ்டிக் ஆக்ஸிலில் விழுகிறது. சுவிட்சைப் போட்டதும் சக்கரம் அசையாது, ஆக்ஸில் முறுக்கிக்கொண்டே இருக்கும், அப்புறம் வெடுக்கென்று ஒரு குதி குதிக்கும், மறுபடி நிற்கும். "மாமா, ராட்டினத்துக்கு விக்கல்" என்றான் பையன். வார்ம் கியர் பக்கவாட்டில் தள்ளுவதால் எங்கள் கியர் பெட்டியே இரண்டு தடவை வாயைப் பிளந்தது, மேலும் கீழும் குறுக்குக் கட்டை போட்டு இறுக்கிய பிறகுதான் நின்றது.

விளிம்பில் கொடுப்பது: போன வருஷம் ஆனித் திருவிழா சமயத்தில் பொருட்காட்சியில் ராட்டினம் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணாச்சி, இஞ்சினை நடுவுல வைக்காம ஏன் கீழ வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "நடுவுல திருகுனா கம்பி முறுக்கிக்கிடும் தம்பி. ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா சின்ன இஞ்சினே போதும்" என்றார். லெகோவிலும் அதேதான். 40 பல் கியரின் ஆரம் 2 செ.மீ., எங்கள் சக்கரத்தின் ஆரம் 20 செ.மீ. அதே சக்கரத்தைச் சுற்ற விளிம்பில் பத்தில் ஒரு பங்கு விசை போதும். வேகம் குறைப்பதும் பாதி இலவசம்: கீழே 2 செ.மீ. விட்டத்தில் கப்பி, மேலே 40 செ.மீ. விட்டத்தில் சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு கயிறு என்றாலே 20 மடங்கு வந்துவிடுகிறது, கூட ஒரு 8-40 ஜோடி சேர்த்தால் 100. வார்ம் கியரே வேண்டாம். ஓட்டம் வெண்ணெய் மாதிரி இருந்தது. யாராவது கையை உள்ளே விட்டால் கயிறு நழுவும், எதுவும் உடையாது.

பாடு எல்லாம் அந்தக் கயிற்றில்தான். ரப்பர் பேண்ட் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடுகிறது. நைலான் வழுக்குகிறது. பூ கட்டும் நூலை இரட்டையாக முறுக்கிப் போட்டது நன்றாகப் பிடித்தது. விளிம்பு சரியான வட்டமாக இல்லாமல் எட்டுப் பட்டையாக இருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் கயிறு எட்டுத் தடவை தளர்ந்து இறுகியது, அதற்கு ஆடும் கை ஒன்றில் சின்னக் கப்பியை மாட்டி, கயிற்றை அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும்படி செய்தோம். இன்னொன்று, மோட்டாரை நிறுத்தியதும் கனமான பக்கம் கீழே இறங்கப் பார்க்கும். எதிரெதிர்க் கூண்டுகளில் சம எடை வைத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு. 2016-இல் வந்த ராட்சதச் சுரங்க எந்திர செட்டில் இருக்கும் வளைந்த பல் துண்டு நான்கைச் சேர்த்தால் 140 பல் வளையம் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவிலான நல்ல தீர்வு. ஆனால் துண்டுகளைத் தனியாகத் தேடி வரவழைக்க வேண்டும், விலையும் ஏறும்.

லெகோவே 2015-இல் விட்ட 2,464 துண்டு ராட்டின செட்டிலும் கைப்பிடிதான் இருந்தது, மோட்டாரைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. அதனால் இந்தக் கேள்வி கடையில் செட் வாங்குகிறவர்களுக்கும் வரும். என் முடிவு: 25 செ.மீ.க்குள் என்றால் நடு அச்சு, கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அதற்கு மேல் விளிம்புதான். அடுத்ததாக 60 செ.மீ. சக்கரம் கட்டப்போகிறோம். அதே கப்பிக்கு 30 மடங்கு கிடைக்கும், கூட ஒரு 8-24 ஜோடி போதும், 40 பல் கியரை வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளலாம் என்று பையன் இப்போதே அதைத் தன் டப்பாவில் போட்டு வைத்துவிட்டான்.