கோத்தகிரி மழையில் டபிள்யூ.பி.சி. டெக்: பலகை பாஸ், அடிவேலை ஃபெயில்

வீட்டுக்கு டெக், அதாவது வீட்டோரம் கால் நட்டுப் பலகை பாவுகிற திறந்த மேடை, போடப் போகிறேன் என்று சொல்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தப் பலகை நல்லது டீச்சர்?" என்றுதான். எங்கள் டெக் வெயில், பனி, ஐப்பசி மழை எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. அந்த தைரியத்தில் சொல்கிறேன்: பலகையைப் பற்றி அப்புறம் யோசியுங்கள். பலகைக்குக் கீழே என்ன போடப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கடையில் கையில் கொடுக்கிற அரையடி சாம்பிள் துண்டில் அது தெரியவே தெரியாது. பத்துக்கு மார்க் போடச் சொன்னால் பலகைக்கு ஏழு, அதைப் பொருத்திக் கொடுத்த குழுவுக்கு மூன்று. அந்த மூன்றும் கைப்பிடியை ஒழுங்காக வைத்ததற்கு.

கோத்தகிரியில் இருந்து கோடநாடு போகிற பக்கம் வீடு. பின்கதவைத் திறந்தால் தேயிலைச் சரிவு. பதினாறடிக்குப் பன்னிரண்டடி டெக். கதவோரம் தரையிலிருந்து இரண்டடி, வெளி ஓரம் ஆறடிக்கு மேல் உயரம். பலகை டபிள்யூ.பி.சி., அதாவது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூடாக்கிக் கலந்து அச்சில் தள்ளி எடுக்கிற ரகம். நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஹாலோ பலகை, பத்தடி நீளம், ஒரு பக்கம் கோடு போட்டது, மறுபக்கம் மர ரேகை மாதிரி. சதுர அடி முந்நூறு ரூபாய்க்குப் பக்கம் வந்தது. ஃபிரேம், கைப்பிடி, கூலி, மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏற்றிவந்த வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது.

மண்ணைக் கொட்டி நிரப்பி, தடுப்புச் சுவர் கட்டி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நிரப்பிய மண்ணில் தண்ணீர் இறங்கி, வெளியே போக வழி கிடைக்காவிட்டால், மண் கனத்துச் சுவரையே தள்ளும். கால் நட்டு டெக் போட்டால் சரிவை வெட்டவும் வேண்டாம், நிரப்பவும் வேண்டாம். தண்ணீர் எப்போதும் போகிற வழியில் போய்க்கொண்டிருக்கும். ஜே.சி.பி. இறக்க இங்கே கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதால் குழியெல்லாம் கடப்பாரையில்தான். கான்கிரீட் கால் எழுப்புவதற்கு முன் உள்ளூர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகள் கீழ்நாட்டு விதிகள் மாதிரி இல்லை.

மரத்தில் போட்டிருக்கலாம்தான். தேக்கு விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். தோட்டத்தில் நிற்கிற சில்வர் ஓக்கை அறுக்கலாம் என்றால், மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்தைத் தொடவும் 1955ஆம் வருடச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் சில்வர் ஓக் வெளி மழையைத் தாங்காது. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், காயக் காய முறுக்கிக்கொண்டு வெடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பலகை விற்றவர்களே அனுப்பிய பொருத்துகிற குழு கோவையில் இருந்து வந்தது. பெயர் வேண்டாம். பேச்சு மரியாதையாக இருந்தது, சொன்ன தேதிக்கு முடித்தார்கள், போகும்போது பெருக்கிக்கூட விட்டார்கள். போட்டோவில் பார்த்தால் டெக் அவ்வளவு அழகு. மார்கழிப் பனி முடிந்து மாசி வெயில் ஏறியதும், பலகைகள் சேருகிற இடமெல்லாம் கூடாரம் போட்டதுபோல் எழும்பி நின்றன. நடந்தால் சில இடத்தில் அமுங்கியது. கைப்பிடிக்குக் கீழே துருத்தண்ணீர் கோடு இழுத்திருந்தது.

அவர்களுக்கு போன் செய்தால், "உங்க ஊர் க்ளைமேட் அப்படிங்க மேடம்" என்றார்கள். வாரன்டி அட்டையில் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அடியில் பொடி எழுத்தில், பாசி, கறை, 'முறையாகப் பொருத்தாததால் வரும் கோளாறு' எதுவும் சேராது என்று இருக்கிறது. பொருத்தியது அவர்கள் அனுப்பிய ஆள்தான் என்பதற்கு அட்டையில் இடமில்லை.

கடைசியில் இங்கேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற ஒரு பையனைக் கூப்பிட்டேன். என்னிடம் சயின்ஸ் படித்தவன். மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக அடியில் புகுந்தான்.

"டீச்சர், பலகை நல்ல பலகைதான். கீழ வந்து பாருங்க, பைப்புல கஞ்சத்தனம் பண்ணிருக்காங்க."

குனிந்து பார்த்தேன். ஹாலோ பலகைக்குப் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு குறுக்குப் பைப் வேண்டும் என்று அந்தக் கம்பெனியின் கேட்டலாக்கிலேயே படம் போட்டிருக்கிறது. இவர்கள் இரண்டடிக்கு ஒன்று போட்டிருந்தார்கள். பலகை அமுங்காமல் என்ன செய்யும்? இரண்டு பலகை சேருகிற இடத்தில் இரண்டு முனையும் ஒரே பைப்பின்மேல், ஆளுக்கு அரை அங்குலம் பிடித்து உட்கார்ந்திருந்தன. முனைக்கும் முனைக்கும் நடுவில் ஒரு பேப்பர் நுழையாது. அதுவும் கறுப்பு ஸ்குரூ, வீட்டுக்குள்ளே ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிறது. ஒன்றைத் திருப்பினான், தலை கையோடு வந்துவிட்டது, தண்டு பைப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. பைப் சாதாரண இரும்புச் சதுரப் பைப். மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், வெட்டிய வாய் திறந்தே கிடக்கிறது. உள்ளே போன தண்ணீர் உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தது. ஒரு பைப்பைச் சுத்தியலால் தட்டினதும் செதில் செதிலாகக் கொட்டியது.

முனை இடைவெளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் ஊதும், நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. டபிள்யூ.பி.சி.யில் பிளாஸ்டிக் இருப்பதால் சூட்டுக்கு நீளவாட்டில் நீளும். இங்கே விடிகாலையில் பலகை பத்து டிகிரியில் கிடக்கும். மாசி, பங்குனி உச்சி வெயிலில் கறுத்த நிறப் பலகை நாற்பதைத் தாண்டும். அந்த முப்பது டிகிரி வித்தியாசத்தில் பத்தடிப் பலகை மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளும். நீள இடம் இல்லையென்றால் மேலே எழும்பத்தான் செய்யும். குளிர்ந்த காலையில் முனையோடு முனை முட்டவைத்து அடித்தால் இதுதான் கதி. சுவரோரமும் இடைவெளி வேண்டும், பலகைக்குப் பக்கத்தில் பலகைக்கும் ஐந்து மில்லிமீட்டர் வேண்டும். பத்தாம் வகுப்புப் பாடம். 'க்ளைமேட்' என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா?

இன்னொன்று, வீட்டுச் சுவர். எங்களுடையது பழைய கல்சுவர், சுண்ணாம்புக் காரை. அதில் டிரில் போட்டு போல்ட் இறக்கி டெக்கின் ஒரு பக்கத்தைச் சுவரிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். காரை பொடிந்து போல்ட் ஆடியது; ஓட்டை வழியே தண்ணீர் இறங்கிப் படுக்கையறைச் சுவர் ஓதம் காத்தது. பையன் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவரோரமும் தனியாகக் கால் நட்டான். இப்போது டெக் வீட்டைத் தொடாமல் ஓரங்குலம் தள்ளித் தன் காலில் தானே நிற்கிறது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் இப்படியே செய்யுங்கள்.

மற்றபடி அவன் செய்தது: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப், வெட்டிய வாயெல்லாம் மூடி வெல்டிங், வெல்டிங் மேல் ஜிங்க் பெயின்ட், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, பலகை சேருகிற இடமெல்லாம் ஜோடிப் பைப். கால் மண்ணில் நேராக நிற்காமல், தரைக்கு மேல் அரையடி தூக்கிய கான்கிரீட் பீடத்தில் நிற்கிறது. அப்புறம் வாட்டம். கோவைக் குழு ரசமட்டம் வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கிறது பாருங்கள் என்று பெருமையாகக் காட்டியிருந்தார்கள். தண்ணீரும் அப்படியே நட்டநடுவில் நின்றது. இவன் வெளிக்கால்களைக் கொஞ்சம் அறுத்து இறக்கி அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், வாட்டம் கொடுத்தான். பன்னிரண்டடிக்கு ஒன்றரை அங்குலம்; நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரியாது.

இனி பாசி. டபிள்யூ.பி.சி. உளுக்காது, கரையான் அரிக்காது என்பதெல்லாம் நிஜம். பாசி பிடிக்காது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஜூன், ஜூலை மழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை, அதற்குப் பிறகும் மூடுபனி. பலகை வாரக்கணக்கில் காயவே காயாது. கோடு போட்ட பக்கத்தில், ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் தேயிலைத் தூசியும் சில்வர் ஓக் சருகுப் பொடியும் போய் உட்கார்ந்து, அதன்மேல் பச்சையாக ஒரு நூல் ஓடும். வழுக்காது என்பதற்குத்தான் கோடு போட்டிருக்கிறது என்பார்கள். கோடு தூர்ந்துபோனால் என்ன பிடிப்பு? திரும்பப் பொருத்தும்போது பாதியைப் புரட்டி ரேகைப் பக்கம் மேலே வருகிற மாதிரி வைக்கச் சொன்னேன். அந்தப் பாதியை ஈர்க்குமாறும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்தால் உடனே சுத்தமாகிவிடுகிறது. கோட்டுப் பாதியில் ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், கீறலில் இன்னும் வேகமாகப் பாசி ஏறும். பாசி இருந்தால் இரண்டு பாதியும் வழுக்கும். எங்கள் அத்தைக்கு மழை மாதங்களில் டெக் பக்கம் தடா.

நிறம்: சாக்லேட் நிறம் வேண்டாம், வெளிர் சாம்பல் வாங்குங்கள். சூடும் குறைவு, நரைப்பதும் தெரியாது.

கைப்பிடிக்கு மூன்று மார்க் கொடுத்தேன் இல்லையா, அது மூன்றரை அடி உயரம், நிமிர்ந்த கம்பிகள், நடுவில் நான்கு அங்குலத்துக்குள் இடைவெளி. பேரன் தலை நுழையாது, படுக்கைக் கம்பி இல்லாததால் ஏறவும் மாட்டான். கண்ணாடி வைக்கலாமே என்றார்கள்; பாதி நாள் பனியில் அது வெறும் வெள்ளைச் சுவர். குரங்குகளுக்கும் இந்தக் கைப்பிடி பிடித்துப்போய் நடுரோடாக்கிவிட்டன, அதற்கு மார்க் குறைக்க முடியாது. டெக்குக்கு அடியை அடைக்காமல் காற்றுப் போகிற மாதிரி கம்பி வலை மட்டும் கட்டினோம். காட்டுப்பன்றி புகுந்து படுத்துக்கொள்ளும் என்ற பயம்தான். கரடி வருகிற ஊர் என்பதால் ராத்திரி டெக்கில் எண்ணெய் விளக்கோ, பலாச்சுளையோ, நாய்ச் சோறோ வைப்பதில்லை. வியூவுக்காக டெக் போட்டு அங்கேயே சாப்பாட்டு மேஜை போடுகிற வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுக்கும்போது பறக்கிற தூள் பாதி பிளாஸ்டிக். முதல் குழு அதைச் சரிவில் பறக்கவிட்டது, பெருக்கியது டெக்கை மட்டும். பையன் தார்ப்பாய் விரித்து அறுத்து, மூட்டை கட்டி எடுத்துப்போனான். நீங்களும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கீழே ஓடுவது ஊர் குடிக்கிற தண்ணீர்.

மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஆனால் ஹாலோ வேண்டாம், விலை கூடினாலும் சாலிட் பலகை. ஹாலோவில் அறுத்த முனைக்குத் தருகிற பிளாஸ்டிக் மூடி கழன்று விழுந்துவிடுகிறது, உள்ளே பூச்சி கூடு கட்டுகிறது. வேலையை தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையை மட்டும் கோவையில் வாங்கிவிட்டு ஃபிரேமை உள்ளூர் ஆளிடம் கொடுங்கள். கையோடு நாலைந்து பலகை கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் அதே நிறத்தைக் கேட்டால் அந்த லாட் முடிந்துவிட்டது என்பார்கள். எங்களுக்கு இரண்டு பலகை மாற்ற வேண்டியிருந்தது, நிறம் கொஞ்சம் வேறாகத்தான் கிடைத்தது. அவற்றைக் கைப்பிடி ஓரத்தில், பூந்தொட்டிகளுக்கு அடியில் போட்டிருக்கிறோம். மிச்சப் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும்; தரையில் படுக்கப்போட்டு அடுக்கி வையுங்கள்.