பள்ளியா, வீட்டுக் கல்வியா: வீட்டுக்குள் என்ன மாறுகிறது?

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பாடத்திட்டத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) 14 வயது நிறைந்தால் நேரடியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அம்மா எத்தனை மணிவரை டீச்சர், எப்போதிலிருந்து அம்மா என்பதுதான் சிக்கல்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டாருக்குக் கிடைப்பது, டியூஷனும் முடிந்து களைத்துப்போன பிறகுதான். அதிலும் பாதி நேரம் ஹோம்வொர்க் சண்டை. ஆனால் ஒரு வசதி உண்டு: பழி டீச்சர் மேல் போய்விடும். "முடிக்கலைன்னா மிஸ் திட்டுவாங்க" என்று சொல்லி அம்மா நல்லவராகவே இருந்துவிடலாம்.

வீட்டுக் கல்வியில் அந்த மறைப்பு கிடையாது. காலையில் பின்னக் கணக்கில் வந்த கோபம் மதியச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். அப்பா ஆபீஸ் முடிந்து வந்து "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று மட்டும் கேட்டால், அவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்தான். ஒரு பாடமாவது அவர் பொறுப்பில் இல்லாத வீட்டில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. போதாக்குறைக்கு, கல்யாண வீடுகளில் "எந்த ஸ்கூல்?" என்ற கேள்விக்கும் அம்மாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணன் தங்கை உறவில் வீட்டுக் கல்விக்கே என் ஓட்டு. நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள், சரி. ஆனால் வாய்ப்பாடு சொல்லித் தருவதும் அவன்தானே. ஒற்றைப் பிள்ளையின் கதை வேறு. சாயங்காலம் நாலு மணிவரை அடுக்குமாடியில் விளையாட ஆளே இருக்காது. அவர்களுக்குப் பள்ளி தேவலாம்.

பரீட்சைப் பயத்திலும் பெரிய வித்தியாசம். என்ஐஓஎஸ்ஸில் ஒருமுறை பதிந்தால் 5 வருடத்துக்குள் 9 முறை எழுதலாம்; பாடங்களைப் பிரித்தும் எழுதலாம். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் பொதுத்தேர்வு மாதம் இதில் இல்லை.

ஞாயிறு சாயங்காலமே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும் பிள்ளைக்கு வீடு நிச்சயம் நிம்மதி தரும். அப்புறம், இது திரும்ப முடியாத பாதையும் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 14 வயதுக்குள் பள்ளிக்குத் திரும்ப நினைத்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் இது சுலபம்.