கட்டம் நிரப்புவதா, முட்டை வரைவதா? ஷேடிங், வண்ணக் கலவைப் பயிற்சிகள்: ஓர் அலசல்

ஓவியம் பழகத் தொடங்குபவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பயிற்சிகள் நான்கு. ஷேடிங்குக்கு டோன் (வெளிச்சம்-இருட்டின் அளவு) பட்டை, உருண்டை. வண்ணத்துக்கு வண்ணச் சக்கரம், நிறம் பொருத்துதல். நேரம் குறைவாக இருப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தப்பாகச் செய்தால் அந்தப் பயிற்சியே காட்டிக்கொடுக்கிறதா, இல்லை பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறதா?

டோன் பட்டை காட்டிக்கொடுக்கும். ஒரு நீளக் கட்டத்தை ஒன்பது பத்துப் பகுதிகளாகப் பிரித்து, தாளின் வெள்ளையில் தொடங்கிப் பென்சில் தரும் உச்சக் கறுப்பு வரை படிப்படியாக நிரப்ப வேண்டும். (அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் முன்வைத்த நிற முறையிலும் இந்த ஏணிதான்: கறுப்பு 0, வெள்ளை 10.) கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு கட்டங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்தால் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. பெரும்பாலோர் இடறுவது கறுப்புப் பக்கத்தில். எச்பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் தாளில் பள்ளமும் பளபளப்பும்தான் மிஞ்சும். 4பி, 6பி போன்ற மென்மையான, கறுப்பு கூடிய பென்சில் எடுத்தால்தான் அந்த ஆழம் கிடைக்கும். ஆனாலும் பட்டை கைக்கான பயிற்சிதான், கண்ணுக்கு அதில் வேலை குறைவு. இரண்டு மூன்று பட்டைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உருண்டை விஷயம் வேறு. விளக்கப் படத்தைப் பார்த்து ஒளிப்புள்ளி, இடைநிழல், மைய நிழல், எதிரொளி, விழுநிழல் என்று வரிசையாகத் தீற்றினால் பார்க்க அழகான பந்து ஒன்று வந்துவிடும். அது மனப்பாடம், தப்பைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. அதே நேரத்தை ஒரு வெள்ளை முட்டைக்குக் கொடுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரே ஒரு மேசை விளக்கு. இரண்டு விளக்கு இருந்தால் நிழல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தலையைச் சுற்றவைக்கும். இப்போது தெரியும்: முட்டையின் மிக அடர்ந்த நிழல் ஓரத்தில் இல்லை, சற்று உள்ளே தள்ளியிருக்கிறது. மேசையில் பட்டுத் திரும்பும் ஒளி ஓரத்தை லேசாகத் துலக்குகிறது. அந்த எதிரொளியை வெளிச்சப் பக்கத்துக்கு இணையாக வெளுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. எதிரில் முட்டை இருப்பதால், நிழல் பக்கத்தில் உள்ள எதுவும் வெளிச்சப் பக்கத்தைவிட மங்கல்தான் என்பதை உடனே ஒப்பிட்டுத் திருத்தலாம். விரலால் தேய்ப்பதை இந்தக் கட்டத்தில் தவிர்ப்பது நல்லது. கோடுகளை நெருக்கியும் குறுக்கேயும் போட்டு வளர்த்தால் எங்கே எவ்வளவு அடர்த்தி என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

வண்ணச் சக்கரத்துக்கு மரியாதை அதிகம்; 1704இல் நியூட்டன் நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டிய காலத்திலிருந்தே. பயன் அவ்வளவு இல்லை என்பது என் கட்சி. சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா என்று சக்கரம் சொல்கிறது; கலந்தால் வருவதோ சேற்று நிறம். ஒவ்வொரு நிறமியும் (வண்ணத்துக்கு நிறம் தரும் பொருள்) ஒளியில் ஒரு பங்கை விழுங்குகிறது. ஆரஞ்சு சாயல் உள்ள சிவப்பு நீல ஒளியை விழுங்கும், பச்சை சாயல் உள்ள நீலம் சிவப்பு ஒளியை விழுங்கும். இரண்டும் சேர்ந்தால் வெளியே வர மிச்சம் ஏது? சிவப்புக்குப் பதில் மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) வைத்தால் ஊதா பளிச்சென்று வரும். அச்சு இயந்திரங்கள் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா, மஞ்சள் வைத்திருப்பதன் காரணமும் இதுவே. இந்த உண்மை புரிய ஒரு சக்கரம் போதும்.

நான்கில் என் தேர்வு நிறம் பொருத்துதல். காய்ந்த இலை, அட்டைத் துண்டு, செங்கல் சில்லு, எதுவும் சரி. அதன் நிறத்தைப் பேலட்டில் (வண்ணம் கலக்கும் தட்டு) கலந்து, அதன் மேலேயே ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு மறைந்துபோனால் சரி. தெரிந்தால் மூன்று கேள்விகள். வெளிர்ப்பா அடர்த்தியா? எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறது? எவ்வளவு மங்கல்? மங்கலாக்க எதிர் நிறத்தை, அதாவது சக்கரத்தில் நேர் எதிரே இருப்பதைத், துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) சேர்ந்தால் அருமையான சாம்பல். கறுப்பை எடுத்து மஞ்சளில் விட்டால் பச்சை வந்து நிற்கும். தாலோ நீலம் போன்ற, துளியே எல்லாவற்றையும் மாற்றிவிடும் வலுவான நிறமியில் வெளிர் நிறத்தைக் கொட்டாதீர்கள், வெளிர் நிற டியூப் காலியாகிவிடும். வெளிர் நிறத்தை முதலில் வைத்து, அதில் அடர் நிறத்தை ஊசிமுனையளவு தொடுங்கள்.

எந்த ஊடகம்? கலர் பென்சிலில் நிறம் தாளில்தான் கலக்கிறது, திரும்பி வர வழியில்லை. வாட்டர் கலரில் வெளிர்ப்பைத் தண்ணீர்தான் தரும், அதுவும் காய்ந்ததும் இன்னும் வெளுக்கும். அக்ரிலிக் காய்ந்தால் சற்று அடர்கிறது, எனவே சொட்டு காய்ந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் மேலே பூசித் திருத்தலாம் என்பதால் பழகுபவருக்கு அதுவே கைகொடுக்கும்.

ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், அதே முட்டையை பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), வெள்ளை என்ற இரண்டே டியூபில் தீட்டுங்கள். ஐந்து டோன்களைப் பேலட்டில் முன்கூட்டியே கலந்து வைத்துக்கொண்டால் ஷேடிங்கும் கலவையும் ஒரே உட்காரலில் முடிந்துவிடும்.