கார்த்திகைப்பூவா, செவ்வலரியா?

பல்லாண்டு வாழும் பூச்செடியொன்றை வளவில் வைக்க எண்ணி இவ்விரண்டுக்கும் இடையில் தயங்குவோர், இரண்டுமே வேர் முதல் விதை வரை நஞ்சுடையவை என்பதால், அழகுக்கு முன் பாதுகாப்பையே எடைபோட வேண்டும்.

நஞ்சு: கார்த்திகைப்பூவில் உள்ளது கொல்சிசின், கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி.
செவ்வலரியின் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைப்பது. இலை காய்ந்த பின்னும் அழியாது.

பருவம்: கார்த்திகைப்பூ மாரி மழையோடு முளைத்துப் பூத்து, கோடையில் கொடி பட்டு, கிழங்காக மண்ணுள் உறங்கும்.
செவ்வலரி ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும்; வறட்சியையும் உவர்மண்ணையும் தாங்கும்.

செலவு: இரண்டுக்கும் அற்பமே.

ஆபத்து வரும் வழிதான் முக்கியமானது. கொடி மறைந்த காலத்தில் மண்ணைக் கொத்துபவர் கார்த்திகைக் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று சமையலுக்கு எடுத்துவிடக்கூடும். ஆகையால் மரவள்ளி, இராசவள்ளிப் பாத்திகளுக்கு அப்பால், கல் அடுக்கி அடையாளமிட்ட இடத்திலேயே அதை நட வேண்டும். செவ்வலரியிலோ, கவ்வாத்துச் செய்த கிளைகள் ஆட்டுக்கு ஒடிக்கும் குழையோடு கலந்துவிடுவதே எனக்குப் பெரிய அச்சம். அவற்றை எரித்தால் புகையும் நஞ்சு, ஆகவே புதைப்பதே நன்று. எதைத் தொட்டாலும் கையுறை அணிந்து, பின் கைகழுவ வேண்டும். யாரேனும் தின்றுவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல், செடியின் துண்டோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கார்த்திகைப்பூவும் ஆட்டுக்கு நஞ்சே; ஆகவே ஆடு வளர்க்கும் வீட்டில் ஆடு எட்டாத இடத்திலன்றி இரண்டுமே பொருந்தா. ஆளில்லா வரண்ட எல்லைக்குச் செவ்வலரி. தவழும் குழந்தையுள்ள வீட்டில் இப்போதைக்கு இரண்டையும் தவிர்த்துச் செவ்வரத்தை நடலாம்.